இறக்கி வைத்த தகடு

கேட்பவரே, முதலில் ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் தூக்கிப் பிடித்துச் சாத்த வேண்டிய கதவு ஏதாவது உண்டா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். சற்று யோசியுங்கள். முதல் நாள் அதைத் தூக்கியபோது எரிச்சலாக இருந்திருக்கும். பிறகு கை பழகியது. அப்புறம் வீட்டுக்கு வருகிறவர்களிடம், “கொஞ்சம் தூக்கிச் சாத்துங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லவும் பழகிவிட்டீர்கள். அந்தக் கதவு ஒரு காலத்தில் ஒரு விரல் பட்டாலே சாத்திக்கொண்டது என்பதை உங்களில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்?

கோத்தகிரியில் மாசிலாமணி என்பவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

சந்தைக்கு மேலே, சாலை வளைந்து ஏறும் இடத்தில் சலோமி மேஸ்திரியின் பட்டறை இருந்தது. சலோமிக்கு நாற்பது வயது இருக்கும். தேயிலைத் தோட்டத்து வண்டிக் கொட்டகையில் தொழில் கற்றவர். பழைய வண்டிகளின் உடம்பைச் செம்மை செய்வதில் அவர் சொல்லுக்கு அந்த வட்டாரத்தில் மறுசொல் கிடையாது.

அவரிடம் சீடராக இருந்த மாசிலாமணியோ அவரைவிடப் பல வயது மூத்தவர், தச்சர். ஒரு வண்டிக்குப் பின்புறப் பலகை அடிக்க வந்தவர், நெருப்பில் இரும்பு வளைவதைக் கண்டு அப்படியே நின்றார். நின்றவர் மறுநாளும் வந்தார். எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார்.

“கத்துக்கலாம் மாசிண்ணா,” என்றார் சலோமி. “ஆனா மரத்துல தெரிஞ்சதை இங்க கொண்டுவந்து என்கிட்டக் காட்டக் கூடாது.”

மாசிலாமணி சம்மதித்தார். சம்மதித்தபடி நடக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

அன்று காலை போஜா கவுடர் தம் பிக்கப் வண்டியை ஓட்டிவந்து பட்டறைக்குள் நிறுத்தினார். அவருடைய அப்பா வாங்கிய வண்டி. உருண்டை மூக்கும், துருத்திய விளக்குகளும், மரப்பலகைத் தொட்டியும் உடையது. கேரட் மூட்டைகளைச் சுமந்து மலைச் சாலைகளில் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் இடது கதவு ஒரு கயிற்றால் இருக்கையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது.

சலோமி கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். “என்ன கவுடரே, கதவுக்குத் தாலி கட்டி வச்சிருக்கீங்க?”

“வளைவுல திறந்துக்குது மேஸ்திரி. இத்தனை நாள் என் சம்சாரம் கையில பிடிச்சுக்கிட்டே வந்தா. இப்ப அவளும் மாட்டேங்கறா. ‘உங்க பக்கத்துல உட்கார்றதுக்கு, பின்னாடி கேரட்டோட கேரட்டா வரேன்’னு சொல்லிட்டா.”

“விவரமானவங்க.”

“போன தீபாவளிக்கு மாசிண்ணன் சரி பண்ணிக் குடுத்தாரே! ஒரு டீ குடிக்கிற நேரம்தான். வெண்ணெய் மாதிரி சாத்துச்சு. அதையே இன்னொரு தடவை பண்ணிட்டாப் போதும்.”

மாசிலாமணியின் முகம் மலர்ந்தது. “அதுக்கென்ன கவுடரே, பண்ணிடலாம்.”

சலோமி கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தார். கீழ் விளிம்பில் கையைக் கொடுத்து மெல்லத் தூக்கினார். கதவு மேலே போயிற்று. கையை எடுத்ததும் டொக்கென்று இறங்கியது. மறுபடியும் தூக்கினார். மறுபடியும் இறங்கியது.

“வண்டி இருக்கட்டும் கவுடரே. சாயங்காலமா வாங்க.”

கவுடர் போனார். மாசிலாமணி கதவின் பக்கம் போகவில்லை. சுவரில் தொங்கிய ஒரு கண்ணாடியின் கீழே போய் நின்றார். பழைய பேருந்து ஒன்றிலிருந்து கழற்றிய, அகலமான குவி கண்ணாடி அது.

“மேஸ்திரி, இதை எடுத்துக்கட்டுமா?”

“எதுக்கு?”

“அண்ணன் வேனுக்கு. இடது பக்கம் மாட்டலாம்னு.”

“வேன்ல இருக்கிறது உடைஞ்சுபோச்சா?”

“உடையலை.”

“அப்புறம்?”

“இது பெருசா இருக்கு. பெருசா இருந்தா நல்லதுதானே?”

“தாராளமா எடுத்துக்குங்க.”

சலோமியே கண்ணாடியை இறக்கிக் கொடுத்தார். மாசிலாமணி தோளிலிருந்த துண்டால் அதைத் துடைத்தார். துடைக்கும்போது சலோமி கேட்டார்:

“இதை உங்க அண்ணன் எந்தக் கண்ணால பார்ப்பாரு?”

துடைத்த கை நின்றுவிட்டது.

“போன வாரம் சந்தையில அவருக்கு இடது பக்கமா நின்னு வணக்கம் சொன்னேன்,” என்றார் சலோமி. “யாரோ எங்கிருந்தோ பேசற மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தாரு. வலது பக்கம் வந்து நின்னேன். ‘அட சலோமி, எப்ப வந்தே’ன்னாரு. நான் வேற எதுவும் கேக்கலை.”

மாசிலாமணியின் அண்ணன் தெய்வசிகாமணி. தகப்பன் இல்லாத வீட்டில் தகப்பனாக நின்றவர். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பல காலம் பேருந்து ஓட்டி, ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்றவர். இப்போது சொந்தமாக ஒரு வேன் வைத்து, சுற்றுவட்டாரப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் சென்று, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். சர்க்கரை நோய் அவருக்கு வெகுநாளாக உண்டு. அது மெல்ல மெல்ல இடது கண்ணுக்குள் இறங்கியிருந்தது. இப்போது வலது கண்ணிலும் சில வேளைகளில் பனி படிந்தாற்போல் இருந்தது.

அந்த வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோரும் சரிசெய்துகொண்டார்கள். வாசல் கம்பத்தில் வேன் ஒருமுறை உரசியது. மாசிலாமணி கம்பத்துக்குப் பளிச்சென்று வெள்ளை அடித்தார். மறுமுறையும் உரசியது; வாசலையே அகலப்படுத்தினார். கறுத்த தரையில் வெள்ளை டம்ளர் நன்றாகத் தெரியும் என்று எவர்சில்வர் டம்ளர்கள் பரண் ஏறின. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற சாக்கில் அண்ணி வேனில் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். அவள் வழி நெடுகப் பேசிக்கொண்டே வருவாள். வளைவு வருது, மாடு நிக்குது, லாரி வருது. கேட்பவர்களுக்கு அது வெறும் பேச்சு.

முந்தின நாள் மாலை, மாதா கோயில் திருப்பத்தில், வேனின் இடது சக்கரம் சாலையை விட்டு இறங்கி விளிம்புக் கல்லில் ஏறியது. அண்ணி கத்தினாள். வேன் குலுங்கி நின்றது. கீழே பள்ளம். பிள்ளைகளோ அதை ஒரு விளையாட்டு என்று எண்ணிக் கைதட்டிச் சிரித்தார்கள். அடுப்படியில் இதை அண்ணி மாசிலாமணியிடம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, “பெரிய கண்ணாடியா ஒண்ணு கிடைக்குமா மாசி?” என்று கேட்டாள்.

இதையெல்லாம் மாசிலாமணி தலை குனிந்தபடி சலோமியிடம் சொன்னார். சொல்லிவிட்டுக் கேட்டார்:

“மேஸ்திரி, ஒண்ணு சொல்லுங்க. நமக்கு வேண்டியவங்களுக்காக எவ்வளவு தூரம் அனுசரிச்சுப் போகலாம்?”

“முதல்ல அந்தக் கதவைக் கழட்டுங்க.”

“நான் கேட்டது...”

“காதுல விழுந்துச்சு. கதவைக் கழட்டுங்க.”

மாசிலாமணி கண்ணாடியை வைத்துவிட்டு எழுந்தார். கதவின் அடிப்பாகம் வண்டியின் வாசற்படியில் தேய்ந்து பெயின்ட் உரிந்திருந்ததைக் கண்டார். அவருடைய கை தானாக அரத்தைத் தேடி எடுத்தது.

“மழைக்காலத்துல வீட்டுக் கதவு நிலையில பிடிச்சா ஓரத்தை இழைச்சு விடுவோம் மேஸ்திரி. இதையும் கொஞ்சம் ராவி விட்டா...”

“ராவுங்க. அடுத்த வருசம்?”

“இன்னும் கொஞ்சம் ராவலாம்.”

“அதுக்கு அடுத்த வருசம்?”

மாசிலாமணி அரத்தைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கடைசியில கவுடருக்குக் கதவு மிஞ்சாது. ஜன்னல் மட்டும்தான் மிஞ்சும். அந்த அம்மா கேரட்டோட போறதே மேல்.”

மாசிலாமணி தம்மையும் மீறிச் சிரித்துவிட்டார். அரத்தைக் கீழே வைத்தார்.

கதவின் எடை ஒரு பக்கம் சாயாமல் இருக்க, அடியில் ஜாக்கி வைத்து அதன்மேல் சாக்கு சுற்றிய பலகையைக் கொடுத்தார்கள். கீல்கள் எங்கே உட்கார்ந்திருந்தன என்று தெரிவதற்காக, அவற்றைச் சுற்றி ஆணி முனையால் சலோமி கோடு கிழித்தார். பிறகு திருகுகளைக் கழற்றினார்கள். கீல்கள் கையோடு வந்தன. மேல் கீலை மேசையிலிருந்த வைஸ் இடுக்கியில் பிடித்து, சலோமி அதன் அச்சாணியைத் தட்டி வெளியே தள்ளினார். ஆணி தரையில் விழுந்து உருண்டது.

மாசிலாமணி அதை எடுத்துப் பார்த்தார். இரண்டு முனையும் தடித்து, நடுவில் மட்டும் எலி கொறித்த கரும்பைப் போல் மெலிந்திருந்தது.

“கண்டுபிடிச்சாச்சு மேஸ்திரி! ஆணிதான் தேய்ஞ்சுபோச்சு. புதுசு போட்டா முடிஞ்சது.”

“போட்டுப் பாருங்க.”

அவர் புதிய ஆணி ஒன்றைத் துளைக்குள் விட்டார். கீலை ஆட்டினார். ஆணி உள்ளே கடகடவென்று ஆடியது. துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“ஓட்டையே வட்டமா இல்லையே. முட்டை மாதிரி இருக்கு.”

“எப்ப இருந்து?”

“அது எப்படித் தெரியும்?”

“ஓட்டின கவுடருக்கும் தெரியாது. பிடிச்சுக்கிட்டு வந்த அந்த அம்மாவுக்கும் தெரியாது. ஒரே நாள்ல ஆகியிருந்தாத்தானே தெரியும்?”

சலோமி துளையை ரீமர் என்னும் கடைகம்பியால் கடையச் சொன்னார். மாசிலாமணி எண்ணெய் விட்டுக் கடைந்தார். பளபளவென்று இரும்புத் தூள் உதிர்ந்தது. துளை பெரிதாகிக்கொண்டே போயிற்று. அவருக்குப் பதற்றமாயிற்று.

“இன்னும் பெருசாகுதே மேஸ்திரி! நல்ல இரும்பும் சேர்ந்து போகுது.”

“போகட்டும். சுத்தி எங்கேயும் கோணல் இல்லாத வரைக்கும் கடையணும். பாதியில நிறுத்தினா, புதுசாப் போடறதும் அந்தக் கோணல்லதான் உட்காரும்.”

மாசிலாமணி நிறுத்தாமல் கடைந்தார். வட்டம் வந்தது. அந்த வட்டத்துக்குச் சரியாக, லேத்தில் வெண்கலத்தைக் கடைந்து, ஆணிக்கு உறையாக ஒரு புஷ் செய்தார்கள். வைஸின் வாயில் வைத்து இறுக்கிக் கீலுக்குள் ஏற்றினார்கள். புது ஆணியில் எண்ணெய் தடவி இறக்கினார்கள். கீழ்க் கீலுக்கும் அப்படியே செய்தார்கள். மாசிலாமணி கீலை மடக்கி விரித்தார். ஓசையில்லை, ஆட்டமில்லை. தம் வாழ்நாளில் எத்தனையோ கதவுகள் மாட்டியவர் அவர். அந்தச் சிறு இரும்பு கையில் மடங்கி விரிந்த நேர்த்தியை ரசித்து ரசித்துப் பார்த்தார்.

கிழித்து வைத்த கோட்டின்படி கீல்களைப் பொருத்திக் கதவை மாட்டினார்கள். ஜாக்கியை எடுத்தார்கள். கதவு இறங்கவில்லை. விரியத் திறந்தபடி, தாங்குவார் யாருமின்றி நேராக நின்றது.

அப்போது வெளியே ஆரன் ஒலித்தது. மஞ்சள் வேன் ஒன்று மெல்ல வந்து நின்றது. தெய்வசிகாமணி இறங்கினார். மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, முறுக்கிவிட்ட நரைத்த மீசை. பின்னாலேயே அண்ணியும் இறங்கினாள்.

“டேய் மாசி! எங்கேடா அந்தக் கண்ணாடி? ராத்திரி பூரா கண்ணாடி கண்ணாடின்னு உங்க அண்ணி என் உயிரை எடுத்துட்டா. இருக்கிறதுல அவ மூஞ்சி முழுசாத் தெரியலையாம்!”

“ஆமா, உங்க மீசையைப் பார்த்துக்கிட்டு வர்றதுக்கே எனக்கு நேரம் சரியாப் போகுது,” என்றாள் அண்ணி.

தெய்வசிகாமணி சிரித்துக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தார். அவருக்கு இடப்புறம் பிக்கப்பின் கதவு திறந்து நின்றது. பட்டப்பகல் வெளிச்சத்தில், பச்சை வண்ணத்தில், ஆள் உயரத்துக்கு நின்றது. அவர் நேரே அதன் விளிம்பில் போய் மோதினார். தோளில் பட்டு அவரைத் திருப்பிவிட்டது.

தோளைப் பிடித்துக்கொண்டு அவர் சத்தம் போட்டார்.

“யாருடா வழியில கதவைத் திறந்து வச்சது?”

“நான்தான்ணா,” என்று மாசிலாமணி முந்திக்கொண்டார். “தப்பு என்னோடதுதான். சாத்தி வச்சிருக்கணும்.”

“பொறுப்பு வேணும்டா. எனக்குப் பட்டதோட போச்சு. வேற யாருக்காவது பட்டிருந்தா?”

அண்ணி அவருடைய தோளைத் தடவிவிட்டாள். அவளுடைய கண்கள் மாசிலாமணியைப் பார்த்தன; உடனே விலகிக்கொண்டன.

சலோமி எதையும் கவனிக்காதவர்போல் பேசினார். “கண்ணாடிக்குப் பிடி ஒண்ணு செய்யணும் சிகாமணிண்ணே. கொஞ்ச நேரம் ஆகும். எதிர்ல போய் டீ குடிச்சிட்டிருங்களேன்.”

“பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள முடிச்சிடுவீங்களா?”

“அதுக்கு முன்னாடியே முடிச்சாகணும்ணே.”

அவர்கள் இருவரும் சாலையைக் கடந்தார்கள். அண்ணி இடப்பக்கம் சேர்ந்து நடந்தாள். “படி இருக்கு பாருங்க. இருங்க, லாரி போகட்டும். ம், இப்ப வாங்க. கடையில பஜ்ஜி வாசனை வருது, சர்க்கரை டீ கேட்டுடாதீங்க.” கேட்பவர்களுக்கு அது வெறும் பேச்சு.

மாசிலாமணி ஆத்திரத்தோடு திரும்பினார். யார்மேல் ஆத்திரம் என்று அவருக்கே தெரியவில்லை. அந்த வேகத்திலேயே பிக்கப் கதவைச் சாத்தினார்.

டங் என்று மோதித் திரும்பி வந்தது கதவு.

மறுபடியும் சாத்தினார். பூட்டின் நாக்கு எதன்மேலோ இடித்துத் திரும்பியது. கதவைத் தோளால் தள்ளினார். அசையவில்லை.

“கெடுத்துட்டோம் மேஸ்திரி!”

“எதை?”

“காலையிலயாவது தூக்கிப் பிடிச்சா சாத்துச்சு. கயிறு கட்டினா நின்னுச்சு. இப்ப சாத்தவே மாட்டேங்குது. கீலை இளக்கிக் கொஞ்சம் இறக்கிடட்டுமா?”

“எவ்வளவு இறக்குவீங்க?”

“பழையபடி சாத்தற அளவுக்கு.”

“அப்ப காலையில இருந்து நாம என்ன வேலை பார்த்தோம்?”

மாசிலாமணி கதவிலிருந்து கையை எடுத்தார்.

“தச்சர்தானே நீங்க? இப்பச் சொல்லுங்க. கதவு நேரா இருக்கா, இல்லையா?”

மரத்தில் தெரிந்ததை இங்கே கொண்டுவரக் கூடாது என்றவரே இப்போது அதைக் கேட்டார். மாசிலாமணி தம் தூக்குக்குண்டை எடுத்து வந்தார். நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கதவைச் சட்டத்தோடு ஒட்டும்வரை கொண்டுபோய், இடைவெளியைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தார். மேலும் கீழும் ஒரே சீராக இருந்தது.

“நேரா இருக்கு மேஸ்திரி.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. இதுல நான் தப்ப மாட்டேன்.”

“அப்ப வேற எதுவோதான் நேரா இல்லை. அது எதுன்னு பாருங்க.”

மாசிலாமணி மண்டியிட்டார். கதவின் பூட்டு நாக்கு வந்து விழுவதற்காக, எதிர்த் தூணில் ஒரு தடித்த தகடு திருகப்பட்டிருந்தது. நாக்கு அந்தத் தகட்டின் பள்ளத்தில் விழவில்லை. மேல் விளிம்பில் இடித்தது. அவர் தகட்டுக்கு மேலே பார்த்தார். தூணின் பச்சை வண்ணம் அங்கே ஒரு கோடாக நின்றது. அதற்கு மேலே நீலத்தில் ஒரு கோடு. அதற்கும் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. வண்டிக்கு ஒவ்வொரு முறை வண்ணம் அடித்தபோதும் தகடு இருந்த இடம்தான் ஒவ்வொரு கோடும். மலைச்சரிவில் வெட்டிய படிகளைப் போல் அந்தத் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வந்திருந்தது.

மாசிலாமணி திருகைக் கழற்றினார். தகட்டின் துளை மேலும் கீழுமாக நீண்டிருந்தது. நீட்டிய இடத்தில் அரத்தின் தடம் இன்னும் புதிதாக இருந்தது. அந்தத் தடத்தை அவருக்குத் தெரியும். போன தீபாவளிக்கு, ஒரு டீ குடிக்கிற நேரத்தில், அவருடைய கை போட்டது.

“கடைசியா இறக்கினது நான்தான் மேஸ்திரி.”

சலோமி குனிந்து பார்த்தார். “சுத்தமா ராவியிருக்கீங்க. நல்ல வேலை.”

“கேலி பண்ணாதீங்க. திட்டணும்னா திட்டிடுங்க.”

“எதுக்குத் திட்டணும்? கவுடர் படற அவதியைப் பார்த்து, அவருக்கு உதவணும்னுதான் பண்ணினீங்க. உங்களுக்கு முன்னாடி இறக்கினவரும் அப்படித்தான் நினைச்சிருப்பாரு. அவருக்கு முன்னாடி இருந்தவரும் நல்லவராத்தான் இருந்திருப்பாரு.”

மாசிலாமணி தகட்டை எடுத்துக்கொண்டு போனார். நீண்ட துளையைப் பற்றவைத்து அடைத்தார். ஆறியபின் புதிதாகத் துளையிட்டார். சாம்பல் நிறக் கோட்டுக்குச் சரியாகத் தகட்டை ஏற்றி வைத்துத் திருகினார். எழுந்து நின்று, இரண்டு விரலால் கதவைத் தொட்டார்.

கதவு போய் மெல்லப் பொருந்திக்கொண்டது.

அவர் அதைத் திறந்தார், சாத்தினார். மீண்டும் திறந்தார், சாத்தினார். பிறகுதான் மேலே பார்த்தார்.

“ஜன்னல் பக்கம் சந்து விழுதே?”

“ஆமா. தொங்கின கதவுக்குத் தகுந்த மாதிரி யாரோ ஜன்னல் சட்டத்தை உள்பக்கமா வளைச்சு விட்டிருக்காங்க. அதையும் நிமிர்த்தணும். அடியில ஒட்டின ரப்பர் ஒரு பக்கம் தடிமனா இருக்கு, அதையும் மாத்தணும்.”

“ஒண்ணைச் சரி பண்ணினா இத்தனையும் பொருந்தாமப் போகுமா?”

“போகும்.”

“எல்லாத்தையும் திரும்பச் செய்யணுமா?”

“செய்யலாம். ஒவ்வொண்ணா.”

மாசிலாமணி வண்டியின் படியில் உட்கார்ந்தார். எதிரே டீக்கடை பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். யாரிடமோ தம் பேருந்துக் காலத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார் போலும். காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்து ஒடித்துக் காட்டினார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேஸ்திரி.”

“சொல்லுங்க.”

“எனக்கு மீசை முளைக்கற வரைக்கும் என்னைத் தோள்ல தூக்கிச் சுமந்தவரு. அவர்கிட்டப் போய், ‘இனிமே வண்டியைத் தொடாதீங்க’ன்னு நான் எப்படிச் சொல்றது?”

“வாயாலதான் சொல்லணும்.”

“சொன்னா என்னை அடிப்பாரு.”

“அடிக்கட்டும். உங்களுக்கு என்ன சின்ன வயசா, அழறதுக்கு?”

“பேச்சை நிறுத்திடுவாரு.”

“நிறுத்துவாரு. கொஞ்ச காலத்துக்கு.”

“வேனை ஓட்டலேன்னா அவர் வீட்டுல என்ன பண்ணுவாரு? காலையில எந்திரிச்சு எங்கே போவாரு? அண்ணி என்ன பேசுவா? அந்த வீட்டுல எதுவுமே பொருந்தாது மேஸ்திரி.”

“முதல்ல பொருந்தாதுதான்.”

“அப்புறம் எல்லாம் சரியாயிடும்னு சத்தியம் பண்ணிச் சொல்வீங்களா?”

“சொல்ல மாட்டேன். போன கண்ணு போனதுதான். இருக்கிற கண்ணைக் காப்பாத்தலாமான்னு டாக்டர்தான் சொல்லணும். சீக்கிரமாப் போனா அதுக்கு ஒரு வழி இருக்கு. தள்ளிப் போட்டா அதுவும் இல்லை.”

மாசிலாமணி முகத்தைத் துண்டில் புதைத்துத் துடைத்தார்.

“நாளைக்கு... இல்லை, வர்ற ஞாயித்துக்கிழமை, அவர் நல்ல மனசோட இருக்கும்போது, பக்குவமா எடுத்துச் சொல்லிப் பார்க்கறேன்.”

சலோமி கைகளைச் சாக்கில் துடைத்துக்கொண்டார். மணி பார்த்தார். சுவரில் தொங்கிய தம் மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, மாசிலாமணியின் முன்னால் கையை நீட்டினார்.

“வேன் சாவியை வாங்கி எங்கிட்டக் குடுங்க. எனக்கு லைசென்ஸ் இருக்கு, வழியும் தெரியும். பிள்ளைங்களை நான் ஏத்தி, வீடு வீடா இறக்கி விட்டுட்டு வரேன். நாளைக்கும் ஓட்டறேன், வேற ஆள் கிடைக்கற வரைக்கும் ஓட்டறேன். கீழே கோயம்புத்தூருக்குப் போற பஸ் இன்னும் கிளம்பலை. அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கிட்டு இப்பவே ஏறுங்க, நேரா கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஞாயித்துக்கிழமைன்னு சொல்லாதீங்க மாசிண்ணா. இன்னும் கொஞ்ச நேரத்துல பள்ளிக்கூட மணி அடிச்சிடும், அந்தக் குழந்தைங்க ஓடி வந்து அந்த வேன்லதான் ஏறும். பாருங்க, அண்ணன் பெஞ்சுல இருந்து எந்திரிச்சிட்டாரு. அண்ணி உள்ளே டம்ளரைக் குடுக்கப் போயிருக்காங்க. அவர் தனியா ரோட்டுல காலை வைக்கிறதுக்கு முன்னாடி போய்க் கையைப் பிடிங்க. பிடிச்ச கையை விடாம, அங்கேயே நின்னு சொல்லுங்க. எந்திரிங்க. ஓடுங்க.”